பிள்ளைக்கு வருத்தம்

என்னோடு மொன்றியலில் பிள்ளைகளாக இருந்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களுக்கும் இப்போது காதோரம் நரைக்கத் தொடங்கியிருக்கும். வில்லரேப் பகுதியில் வீட்டுக்கு வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிகளையும், பனிக்காலக் காலையில் அந்தப் படிகளுக்கு உப்புப் போடும் அப்பாக்களையும், மாதா கோயிலின் நிலவறையில் நடந்த சனிக்கிழமைத் தமிழ் வகுப்பையும் நான் உங்களுக்குச் சொல்லி விளங்கவைக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு எழுத்தும் போதாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன்.

அண்மையில் அங்கே புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்த்தார்கள். தாய் சென்னையிலிருந்து கம்பியூட்டர் வேலைக்கு வந்தவள். காலையில் அவள் மகனைக் கொண்டுவந்து விட்டபோது அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கண்ணும் சிவந்திருந்தது. தமிழ்ப் பிள்ளை என்ற ஆசையில் நான் குசினியை விட்டு வெளியே வந்து, "பிள்ளைக்கு வருத்தமோ?" என்று கேட்டேன். தாய் குனிந்து மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லையே, ஜாலியாத்தான இருக்கான்" என்றாள்.

எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். மூக்கொழுகும் தடிமனும் வருத்தம்தான், புற்றுநோயும் வருத்தம்தான். அவர்களுக்கு வருத்தம் என்றால் மனக்கவலை. நான் என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கு விளங்கிச் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உருளைக்கிழங்குச் சாக்கின் மேல் இருந்தேன். அடுப்பில் சூப் இருந்தது. பொங்கி வழிந்துவிடும் என்று பயந்தேன், ஆனாலும் எழும்ப முடியவில்லை. அந்த ஒரு சொல் எங்கள் வீட்டுக்குள் ஏற்கெனவே ஒரு தடவை வந்து போயிருக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அப்பாவைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று வீட்டில் கதை வந்த பனிக்காலம் அது. காரணத்தை நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அப்பாவை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது அவருடைய தாய்தகப்பன். கலியாணம் கட்டாத பிள்ளை என்றால்தான் அப்படிக் கூப்பிடலாம். வருவதற்குக் கொஞ்சம் முன்னதாக அப்பா மன்னாரில் கோயிலில் வைத்து அம்மாவைக் கட்டிவிட்டார், அதைச் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டார். பிறகு அம்மா அகதியாக வந்தபோது கேட்டவர்களுக்கு உண்மையான கலியாணத் திகதியைச் சொன்னார். அப்பாவின் பொய்யும் அம்மாவின் உண்மையும் வருடங்கள் கழித்து ஒரே மேசையில் சந்தித்துக்கொண்டன. கூப்பிட்ட பெரியவர்கள் இரண்டு பேரும் அப்போது உயிரோடு இல்லை.

எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. முதலில் பால் கருகுகிற மணம் வரும். பிறகு குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் எங்கேயோ தூரத்துக்குப் போகும். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. கண் விழிக்கும்போது குசினித் தரையின் குளிர் கன்னத்தில் இருக்கும், உள்ளங்கையில் இரும்பு இருக்கும். அப்பாவின் திறப்புக் கொத்து அது. வீட்டுத் திறப்பு, அவர் சமையல் வேலை செய்த ரெஸ்ரோறன்ரின் பின்கதவுத் திறப்பு, நிலவறைத் திறப்பு எல்லாம் அதில் தொங்கும். கையில் இரும்பு கொடுத்தால் நின்றுவிடும் என்பது ஊர் நம்பிக்கை. ஆஸ்பத்திரி டாக்டர் அதெல்லாம் வேண்டாம், பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார். அப்பா இரண்டையும் செய்வார். என் விரல்களைத் தன் கையால் மூடிப் பிடித்திருப்பார். அந்தக் கையில் எத்தனை தரம் கழுவினாலும் போகாத வெங்காய மணம்.

அம்மா பயந்து சுவரோடு ஒட்டி நிற்பார். அந்த நோயின் பெயர் எங்கள் வீட்டில் உச்சரிக்கப்படவே இல்லை. "பிள்ளைக்கு வருத்தம் வந்தது" என்பதோடு சரி. மருந்துப் போத்தல் பருப்புத் தகரத்துக்குள் இருந்தது. யாராவது படியேறி வரும் சத்தம் கேட்டால் அம்மாவின் கண் முதலில் அந்தத் தகரத்துக்குத்தான் போகும்.

அம்மா அதிகம் பயந்தது கோயில் மாமிக்கு. உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும், பெயர் வேண்டாம். பூசை முடிந்து வாசலில் நின்று எல்லோரையும் விசாரிப்பார், பலகாரம் தருவார், கலியாணம் பேசுவார். ஒரு வீட்டில் பால் பொங்குவதற்குள் அடுத்த வீட்டில் சொல்லிவிடுவார். கெட்ட மனுசி இல்லை. ஆனால் அவர் வாயில் விழுந்த சேதி திரும்பி வராது.

எங்கள் லோயர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அப்பா செய்த பொய்யைப் பற்றிக் கோட்டில் வாதாடி வெல்ல முடியாது, இவர் போனால் குடும்பம் எவ்வளவு கஷ்டப்படும் என்று காட்டினால்தான் விடுவார்கள் என்று சொன்னார். அதைப் பார்ப்பதற்காக ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தார். அம்மா காலையிலிருந்தே வீட்டைக் கழுவினார். யன்னல் சீலை மாற்றினார். மீன் கட்லட்டும் ரோல்ஸும் பொரித்தார். நல்ல கோப்பைகள் வெளியே வந்தன.

நான்தான் நடுவில் நின்று கதைத்தேன். வீட்டில் என்ன சிரமம் என்று லோயர் கேட்டார். ஒரு குறையும் இல்லை என்று சொல்லச் சொன்னார் அம்மா. பிள்ளை எப்படி? கெட்டிக்காரி, ஒரு சோலியும் இல்லை. நீங்கள் தனிய என்ன செய்வீர்கள்? கடவுள் பார்ப்பார், இன்னொரு கட்லட் எடுக்கச் சொல்லு. லோயர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கட்லட்டைச் சாப்பிட்டார். படியிறங்கும்போது அப்பாவிடம், உங்கள் மனைவி ஏன் என்னை நம்புகிறார் இல்லை என்று கேட்டாராம்.

அவர் போன பிறகு அப்பா சிரித்தார். "இஞ்சேர், மனுசி கஷ்டத்தைக் காட்டச் சொல்லி வந்தவ. நீ கட்லட்டைக் காட்டி அனுப்பிப்போட்டாய்."

"வீட்டுக்கு வந்த ஆளிட்டை இல்லாப்பாட்டைச் சொல்லி அழுறதே?"

"அழத்தான் வேணும். பிள்ளையின்ரை வருத்தத்தைச் சொல்லுவம். அதொண்டு காணும், வேறையொண்டும் வேண்டாம்."

அம்மா கோப்பை துடைப்பதை நிறுத்தினார். நான் அடுத்த அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்தேன். அம்மாவின் குரல் இறங்கியது. கோட்டுக்கு வருகிற தமிழ் மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஆள், கோயில் மாமியின் சொந்தம், ஒருக்கால் சொன்னால் மொன்றியல் முழுக்க அறியும் என்றார்.

"அறிஞ்சா?"

"பொம்பிளைப் பிள்ளையப்பா. நாளைக்கு ஆர் கட்டுவான்?"

அப்பா என்னவோ முணுமுணுத்தார். அம்மா அழத் தொடங்கினார். கடைசியில் அப்பா சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. "சரி. என்ரை வாயாலை வராது."

என்னால் அப்பா போகப்போகிறார் என்றா, என்னால் அப்பா நிற்கப்போகிறார் என்றா கதைக்கிறார்கள் என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. இரண்டும் என் கையில்தான் இருக்கிறது என்று மட்டும் விளங்கியது. உள்ளங்கையை மூக்கில் வைத்து மணந்துபார்த்தேன்.

கோட்டுக்குப் போகிற அன்று அம்மா கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை கட்டினார், தாலிக்கொடியை வெளியே எடுத்துப் போட்டார். பெரிய மனிதருக்கு முன்னால் போகும்போது வேறு எப்படிப் போவது? கட்டடத்தின் வாசலில் எங்களைக் கண்ட லோயர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். நீதிபதி என்னைப் பார்க்கட்டும் என்று அவர் சொன்னதால் என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். பின்பக்கக் கதிரையில் என்னை இருத்தினார்கள். அறையில் புதுக் கம்பள மணம். வெப்பக்குழாய் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது.

வழக்கமான மொழிபெயர்ப்பாளருக்கு அன்று வர முடியவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு தமிழ்நாட்டுத் தம்பி வந்திருந்தார். யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டு இந்த வேலைக்கும் வருகிறவராம். கழுத்துப்பட்டி கோணலாக இருந்தது. "வணக்கம்மா" என்றார். அம்மா அப்பாவின் பக்கம் சாய்ந்து, "இந்தியப் பொடியன்" என்றார். அதைச் சொன்னபோது அம்மாவின் தோள் இறங்கியதை நான் பின்னாலிருந்து கண்டேன். மாமியின் சொந்தம் இல்லை. கோயிலுக்கு வராத ஆள்.

அப்பாவைக் கேட்டார்கள். அவர் பொய்யை ஒப்புக்கொண்டார். பிறகு நீதிபதி அம்மாவைப் பார்த்து, கணவர் இல்லாமல் நீங்களும் மகளும் எப்படி இருப்பீர்கள் என்று கேட்டார். அம்மா நீதிபதியைப் பார்க்கவில்லை. அந்தத் தம்பியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தம்பி, பிள்ளைக்கு வருத்தம். சின்னனிலை இருந்தே இருக்கு. எப்ப வருமெண்டு சொல்லேலாது. வந்தா இவர்தான் பிடிச்சுக்கொண்டிருப்பார், என்னாலை ஏலாது. இவர் தன்ரை திறப்பைப் பிள்ளையின்ரை கையிலை குடுப்பார். பேந்து மெல்ல மெல்லத் தெளிஞ்சிடும்."

"திறப்புன்னா?"

அம்மா காற்றில் பூட்டைத் திறந்து காட்டினார்.

"ஓ, சாவி" என்றார் அவர். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார். நல்ல ஆங்கிலம், இரக்கமான குரல். மகள் சின்ன வயதிலிருந்தே சோகமான பிள்ளை. அந்தச் சோகம் எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் தகப்பன்தான் அணைத்துக்கொள்வார். தன் சாவிகளைக் கையில் கொடுப்பார். மெல்ல மெல்லப் பிள்ளையின் முகம் தெளிந்துவிடும்.

நீதிபதி என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்பான சிரிப்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது. சொல்லிவிட்டோம் என்ற ஆறுதலில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் குசினி ஆங்கிலம் தெரியும். சோகத்துக்குச் சொல்லும் ‘சாட்’ என்ற சொல் அவருக்குத் தெரியும். அந்தச் சொல் வந்ததும் அவர் தலை நிமிர்ந்தது. மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் சோகமாக இருக்கிறேனா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

அப்பா மேசையைப் பார்த்தபடி குனிந்துகொண்டார்.

முடிவு தபாலில் வரும் என்று சொன்னார்கள். வெளியே லிஃப்டுக்காக நின்றோம். லோயர் உள்ளே கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நடையில் நீளமான மர வாங்கு ஒன்றில் கோயில் மாமி இருந்தார். மருமகனின் வழக்குக்கு வந்திருந்தாராம். கையில் செபமாலை. அம்மாவின் பட்டுச் சேலையைப் பார்த்துத் தலையசைத்தார்.

மொழிபெயர்ப்பாளர்த் தம்பி வந்து எனக்கு முன்னால் குந்தினார். "வருத்தப்படாத பாப்பா. அப்பா எங்கயும் போக மாட்டார்."

"அது எங்கடை கையிலையே இருக்குத் தம்பி" என்றார் அம்மா. "மருந்து குடிக்கிறா. எண்டாலும் வாற நேரம் வரும்."

"மருந்தா? வருத்தத்துக்கு எதுக்கும்மா மருந்து?"

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு வாங்குப் பக்கம் பார்த்தார். சேலைத் தலைப்பை வாயருகே பிடித்துக்கொண்டு, காற்றாக ஒரு சொல்லைச் சொன்னார்.

"வலிப்பு."

என் நோய்க்குப் பெயர் இருப்பதை நான் அங்கேதான் அறிந்தேன்.

அந்தத் தம்பி எழுந்து நின்றார். அவர் நெற்றி வேர்த்ததைக் கண்டேன். "நான் மனக் கஷ்டம்னு நினைச்சு அப்படியே சொல்லிட்டேன்மா. இது வேற விஷயம். சார், ஜட்ஜ் இன்னும் உள்ளதான் இருக்கார். நான் போய்த் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்றேன்."

அவர் திரும்பிவிட்டார். அப்பா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். எனக்கு வருத்தம் வரும்போது பிடிப்பது போலத்தான், இறுக்காமல். வாங்கில் செபமாலை நின்றிருந்தது. மாமி தலையை நிமிர்த்தி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ தம்பி" என்றார் அப்பா. "பிழையில்லை. பிள்ளைக்குக் கவலையும் இருக்குத்தானே."

"சார், இது பெரிய பாயின்ட் சார்."

"விடுங்கோ."

லோயர் வெளியே வந்து, எல்லாம் சரியா என்று கேட்டார். தம்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா தன் குசினி ஆங்கிலத்தில், "ஆல் குட்" என்றார். ரெஸ்ரோறன்ரில் தட்டை நீட்டும்போது சொல்வது போல.

அம்மா என் கன்னத்தில் இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டே நின்றார். லிஃப்ட் வரவே இல்லை. மேலே எங்கேயோ நின்று நின்று வந்தது. அந்தப் பொத்தானின் மஞ்சள் வெளிச்சம் எனக்கு இன்னும் தெரிகிறது. கதவு திறந்ததும் நாங்கள் ஏறினோம். தம்பி அங்கேயே நின்றார். அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவர் தன் தமிழைத்தான் சொன்னார்.

முடிவு வந்தது. லோயர் எங்களைக் கூப்பிட்டு வாசித்தார். தகப்பன் பிரிந்தால் பிள்ளை கவலைப்படும், அது எல்லாக் குடும்பத்திலும் நடப்பது, அளவுக்கு மிஞ்சிய கஷ்டம் என்று சொல்ல முடியாது. அங்கே இப்போது போர்நிறுத்தம், சமாதானம் பேசுகிறார்கள். லோயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதுகூட அம்மாவும் அப்பாவும் அவருக்குச் சொல்லவில்லை. நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் பூட்டிய கதவுகள்.

டோர்வல் விமான நிலையத்தில் அப்பா மெல்லிய ஜக்கெற்றோடு நின்றார். போகிற இடம் வெயில், தடித்தது எதற்கு என்றார். காற்சட்டைப் பையிலிருந்து திறப்புக் கொத்தை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். "வச்சிரு" என்றார். ரெஸ்ரோறன்ருத் திறப்பு அதில் இல்லை, அதை ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துவிட்டார். கொத்து பாரம் குறைந்திருந்தது.

பிறகு நாங்கள் செயின்ட்-மிஷேலுக்கு, சின்ன வீடொன்றுக்கு மாறினோம். போகும்போது வீட்டுக்காரன் திறப்பைக் கேட்டான். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மா கொத்தை அப்படியே கொடுத்துவிட்டார். இதை நான் அம்மாவிடம் கோபித்துக் கேட்டதில்லை. ஆனால் இன்றைக்கும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கி, திரும்பி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்க்காமல் எனக்குப் போக முடியாது. பஸ்ஸில் திறப்பைக் கைக்குள் வைத்துக்கொண்டுதான் இருப்பேன். இறங்கும்போது உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருக்கும்.

நான் தமிழ் எழுதப் பழகியது அப்பாவுக்குக் கடிதம் எழுதத்தான். ஞாயிறுகளில் தொலைபேசி அட்டை வாங்கி அவரோடு கதைப்போம். மன்னாரில் வலைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன் என்றார், பிறகு வேறு என்னவோ வேலை என்றார். எந்த வேலையாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "வருத்தம் என்ன மாதிரிப் பிள்ளை?"

பதின்மூன்று, பதினான்கு வயதில் எனக்கு அது நின்றுவிட்டது. சில பிள்ளைகளுக்கு வளர வளர நின்றுவிடுமாம். டாக்டர் மருந்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். அதற்குள் அங்கே மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. லைன் கிடைப்பதே அருமை. ஒரு தரம் கிடைத்தபோது அப்பா அதையே கேட்டார்.

"மாறீட்டுதப்பா" என்றேன்.

"மாறீட்டுதோ?"

"ஓம். மருந்தும் இல்லை."

அங்கே பின்னால் யாரோ ஒரு பிள்ளையை ஏசுவது கேட்டது. "அப்ப சரி" என்றார் அப்பா. "அப்ப சரி." அதற்குள் அட்டைக்காரியின் குரல் குறுக்கே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு லைன் கிடைக்கவில்லை. சண்டை முடிந்து எல்லோரும் தேடினார்கள், நாங்களும் தேடினோம். கண்டேன் என்று சொன்னவர்கள் உண்டு, அவர் இல்லை அது என்று பிறகு சொன்னவர்களும் உண்டு. பதினாறு வயதில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். வகுப்பில் கதவு திறக்கும் ஒவ்வொரு தரமும் எனக்கு ஏதோ சேதி வருகிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டால் என்ன படிப்பு? இறந்தவர்களின் திருநாளில் கோயிலில் பெயர்களைக் கொடுப்பார்கள். அம்மா அப்பாவின் பெயரை ஒரு வருடமும் கொடுத்ததில்லை. உயிரோடிருப்பவர்களுக்கான செபத்திலும் கொடுப்பதில்லை. சத்தம் வந்தால் மாறிவிடுமோ என்பது போல.

எனக்குக் கலியாணம் பேசினார்கள். பேசியது கோயில் மாமிதான், வேறு யார். அம்மா பழைய கதையைச் சொல்லாதே என்றார். நின்று போனதை எதற்குச் சொல்வது? நான் ஓம் என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையாக வரவிருந்தவரை மெத்ரோவுக்குப் பக்கத்துக் கோப்பிக் கடைக்கு வரச்சொன்னேன். கோப்பி ஆறும்வரை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன்.

"சின்னனிலை எனக்கு வலிப்பு வந்தது. இப்ப இல்லை. சொல்லாமல் விட எனக்கு விருப்பமில்லை."

அவர் சீனிப் பைக்கற்றைக் கிழித்துக்கொண்டிருந்தார். "அதுக்கென்ன?" என்றார். பிறகு, "உங்களுக்கும் சீனி போடட்டோ?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியில் வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டேன் என்றதும் கரண்டி நின்றது.

"என்ன சொன்னவர்?"

"அதுக்கென்ன எண்டவர்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லையம்மா. அவ்வளவுதான்."

அம்மா அடுப்பை நிற்பாட்டினார். குசினிக் கதிரையில் இருந்தார். வெங்காயம் கருகிய மணம் வீடெல்லாம் நிறைந்தது. நான் யன்னலைத் திறக்கப் போனேன். அப்போதுதான் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. என்னிடம் சொன்னது போலவும் இல்லை.

"அண்டைக்கு லிஃப்ட் வரச் சரியான நேரமெடுத்தது. லோயரிட்டை ஒரு சொல்லுச் சொல்ல, அந்த நேரம் காணும்."